மாம்பழத்துக்குக் கண்ணும் வாயும் வைப்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

சூரமங்கலத்திலிருந்து, திங்கள் இரவு

அன்பர்களே,

காட்சித் தொடர்பியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ எடிட்டிங் செய்முறைக் கையேடு தமிழில் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒன்பதாம் பயிற்சி மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது.

விஷயம் இதுதான். ஓர் ஆளின் முகத்தைப் படமெடுத்து, கண்ணையும் வாயையும் மட்டும் வெட்டி, ஒரு பழத்தின் மேலோ சொம்பின் மேலோ உட்கார வைப்பது. மூக்கு வேண்டாம். ஓரத்தை மங்கலாக்கி நிறத்தையும் ஒத்துப்போகச் செய்தால் பழமே பேசுவது போலிருக்கும். போன வாரம் ஒரு மாணவன் மல்கோவாவைப் பேச வைத்தான். தோலின் மஞ்சளை முகத்துக்கு ஏற்றியதில் பல்லும் மஞ்சளாகிவிட்டது. பத்து நாள் பல் துலக்காத மாம்பழம். அப்புறம் பல்லுக்குத் தனியாக ஒரு மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுக்கும் மறைப்பு) போட்டு, அங்கே மட்டும் நிறத்தைக் குறைத்தோம். இதையெல்லாம் தமிழில் எழுதிவிட்டேன். மொத்த வேலைக்கும் ஒரு பெயர்தான் வரவில்லை. இப்போதைக்கு ‘முகவேற்றம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

அம்மாபேட்டையிலிருந்து, திங்கள் இரவு

புணர்ச்சி சரி. மரம் + அடி மரவடி ஆனதுபோல முகம் + ஏற்றம் முகவேற்றம். ‘முகமேற்றம்’ என்று யாராவது திருத்த வந்தால் நன்னூலைக் காட்டுங்கள். ஆனால் பொருள் சரியில்லை. முகமா ஏறுகிறது? கண்ணும் வாயும்தானே? உறுப்பேற்றம் என்பதே பொருந்தும்.

இன்னொன்று. இந்தக் கருத்து நமக்குப் புதிதில்லை. ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும், இயங்குந போலவும் இயற்றுந போலவும், அஃறிணை மருங்கினும் அறையப் படுமே’ என்று நன்னூலார் சொல்லிவிட்டார். உங்கள் மல்கோவா கிளக்குந போல், அதாவது பேசுவது போல், நிற்கும் அஃறிணை. ஆகவே ‘அஃறிணைக் கிளப்பு’ என்றும் வைக்கலாம்.

ஆத்தூரிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா மன்னிக்கணும். கிளப்பு என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இட்லி நினைவுதான் வரும். அந்தக் காலத்தில் ஓட்டலைக் கிளப்பு என்றுதானே சொல்வார்கள்.

நான் கல்யாண வீடியோ வெட்டுகிறவன். முகவேற்றம் என்று எழுதி என் பையனிடம் காட்டினேன். ‘முக வேற்றமா? ஆள் மாறாட்டமா?’ என்று கேட்டான். கடைக்கு வருகிறவர்கள் ‘கண்ணு வாய் வெச்சுக் குடுங்க’ என்பார்கள். நாங்கள் ‘ஃபேஸ் ஒட்டு’ என்போம். அதையே ‘ஒட்டுமுகம்’ ஆக்கினால் என்ன? நம் பக்கம் மாங்கன்றில் ஒட்டுக்கட்டுவதில்லையா? வேர்ப்பாகம் ஒரு மரம், மேலே வேறொரு மரம். ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டால் இரண்டும் ஒரே மரமாகிவிடும். மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்குவதும் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றுதானே.

செவ்வாய்பேட்டையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஒட்டுமுகம் நல்ல சொல். ஆனால் ஃபேஸ், மாஸ்க், வீடியோ என்று எழுதிக்கொண்டே கலைச்சொல் தேடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். காணொளி, மறைப்பு என்றால் புரியாதா?

முகம் வடசொல் என்று யாரும் தயங்க வேண்டாம். முகு, முகிழ், முகை, முகப்பு, முகடு எல்லாம் ஒரே வேரின் பிள்ளைகள். முன்னால் தோன்றுவது, மேலெழுவது என்பதே வேர்க்கருத்து. பர்ரோ, எமனோ அகரமுதலியிலும் முகம் திராவிடச் சொல்லாக இடம்பெற்றிருக்கிறது. சொல்லாய்வறிஞர் பாவாணர் 1944 முதல் 1956 வரை நம் சேலம் நகராண்மைக் கல்லூரியில் பாடம் சொன்ன ஊர் இது. இங்கே இருந்துகொண்டு ‘முகத்துக்குப் பதில் வதனம் போடலாமா’ என்று எவரும் கேட்டுவிடாதீர்கள். (யாரும் கேட்கவில்லை, தெரியும். கேட்பீர்கள்.)

ஏற்காட்டிலிருந்து, செவ்வாய் இரவு

வரலட்சுமி நோன்புக்குக் கலசத் தேங்காயில் வெள்ளி முகம் பொருத்துகிறோமே, அதைவிடப் பழைய எடிட்டிங் உண்டா? செவ்வாய்பேட்டைக் கடைகளிலேயே அந்த முகம் கிடைக்கும். மாரியம்மன் கோயிலில் தகட்டுக் கண்ணை வாங்கிச் சாத்துகிறோம், கண்மலர் என்கிறோம். பொருளுக்குக் கண் வைக்கும் வழக்கத்துக்கு நம்மிடம் சொல் இருக்கும்போது ஒட்டு எதற்கு? முகஞ்சாத்தல், அல்லது கண்மலரேற்றம்.

சூரமங்கலத்திலிருந்து, புதன் காலை

அம்மா, கண்மலர் படித்ததும் சொக்கிப் போனேன். ஆனால் வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தவிர, சாத்தல் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது கதவைச் சாத்துவதும் நாலு சாத்து சாத்துவதும்தான்.

கன்னங்குறிச்சியிலிருந்து, புதன் மதியம்

சற்று விலகிப் பேசுகிறேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனத்தின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: 1940இல் இங்கே எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். லென்ஸில் பாதியை மூடி ஒருமுறை, மறு பாதியை மூடி இன்னொருமுறை என்று ஒரே ஃபிலிமில் இரண்டு தரம் எடுப்பது அந்தக் காலத்துத் தந்திரம். மாஸ்க்குக்கு அன்றைய தொழிலாளர்கள் ஒரு தமிழ்ச் சொல் வைத்திருக்க மாட்டார்களா?

அமெரிக்காவில் 1959இல் வந்த ஒரு கார்ட்டூன் தொடரில், வரைந்த முகத்தின் மேல் நிஜ உதட்டை ஒட்டினார்கள். அதன் பெயர் சிங்க்ரோ-வாக்ஸ். வாக்ஸ் என்றால் குரல்; குரலை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நாமும் ‘வாயொட்டு’ என்று...

சூரமங்கலத்திலிருந்து, வியாழன் இரவு

முப்பத்தொரு மடல் ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் ஒட்டுமுகத்துக்கு ஒன்பது பேர், உறுப்பேற்றத்துக்கு நான்கு, கண்மலருக்கு இரண்டு, வாயொட்டுக்கு ஒருவர். விளைவுக்கு ஒட்டுமுகம், வேலைக்கு முகவொட்டு என்று அச்சுக்கு அனுப்புகிறேன். மாஸ்க் மாஸ்க்காகவே இருக்கட்டும். மென்பொருளில் அதைத்தான் அழுத்தப் போகிறார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து, வியாழன் இரவு

ஒட்டுவது உறுப்பு. பெயர் முகத்துக்கு. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் பேசிக்கொள்வோம்.

ஆத்தூரிலிருந்து, வெள்ளி அதிகாலை

அந்த மல்கோவா வீடியோ பார்த்தேன். பழத்துக்கு வெளிச்சம் இடப்பக்கம், முகத்துக்கு வலப்பக்கம். முகத்தை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தால் போதும்.