இரவில் ஷேப்பர் சர்வரில் பேக்கெட் லாஸ், சிபியூ மட்டும் 20 சதவீதம்தான்

கேள்வி:
இன்டர்நெட் கஸ்டமர்கள் லாகின் ஆகும் பிபிபிஓஇ சர்வருக்கும் அவர்கள் லைன் சேரும் அக்சஸ் சுவிட்சுக்கும் நடுவில், ஒவ்வொருவரின் வேகத்தையும் பிளான் அளவுக்குக் கட்டுப்படுத்தும் ஷேப்பராக டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்று பிரிட்ஜாக ஓடுகிறது. 8 கோர், இன்டெல் 82599 கார்டு, 10 ஜி போர்ட் இரண்டு. எச்டிபி-யில் (லினக்ஸின் வேகக் கட்டுப்பாட்டு முறை) கஸ்டமருக்கு ஒரு கிளாஸ் வீதம் 2500 கிளாஸ். பகலில் பிரச்சினை இல்லை. இரவு 8 மணிக்கு மேல் டிராஃபிக் 3 ஜிபிபிஎஸ் தாண்டினால் பிங் பேக்கெட்டில் 2–3 சதவீதம் தொலைந்து விழுகிறது. எங்கிருந்து தேடுவது?

பதில் 1:
பிங் யாருக்கு அடிக்கிறீங்க? பிளானை முழுசா இழுத்துக்கிட்டிருக்கிற கஸ்டமருக்கு விழுந்தா அது கோளாறு இல்ல, ஷேப்பர் தன் வேலையைத்தான் செய்யுது. சும்மா கிடக்கிற லைன்ல அடிச்சுப் பாருங்க. அங்கேயும் விழுந்தா பீக் நேரத்துல இதையெல்லாம் எடுங்க:

'ஈத்டூல் -எஸ்'-ல ஆர்எக்ஸ் மிஸ்ட், நோ டிஎம்ஏ ரிசோர்சஸ் (இடமில்லாம கார்டு தவறவிட்ட பேக்கெட் கணக்கு). ஏறுச்சுன்னா கார்டு ரிங்லயே (வந்த பேக்கெட் காத்திருக்கிற இடம்) போகுது.
சாஃப்ட்நெட் ஸ்டாட் ஃபைல்ல (கெர்னல் கோர் வாரியா எழுதற கணக்கு) ரெண்டாவது பத்தி டிராப், மூணாவது டைம் ஸ்க்வீஸ் (வேலை மிச்சமிருக்கும்போதே ஒதுக்கின நேரம் தீர்ந்த தடவை). எண்ணெல்லாம் ஹெக்ஸ்ல இருக்கும்.
'டிசி -எஸ் க்யூடிஸ்க்'-ல (ஷேப்பரோட வரிசைக் கணக்கு) டிராப்.

பத்து செகண்ட் விட்டு ரெண்டு தடவை எடுங்க. மொத்தக் கணக்கு பூட் ஆனதிலிருந்து சேர்ந்தது, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சிபியூ சராசரியையும் நம்பாதீங்க. 'எம்பிஸ்டாட் -பி ஆல் 1' போட்டு ஒவ்வொரு கோரோட சாஃப்ட் பத்தியையும் (பேக்கெட் மாதிரி வேலைக்குப் போற சதவீதம்) பாருங்க.

கேட்டவர்:
கோர் 0 சாஃப்ட் 100, கோர் 1 சுமார் 40, மற்றவை பூஜ்யம். ஆர்எக்ஸ் மிஸ்ட் ஏறுகிறது, டைம் ஸ்க்வீஸும். ரிங்கை 512-லிருந்து 4096 ஆக்கியதில் லாஸ் குறைந்தது, நிற்கவில்லை.

பதில் 2:
காரணம் பிபிபிஓஇ. இந்தக் கார்டின் ஆர்எஸ்எஸ் (பேக்கெட்டைப் பல க்யூவுக்கும் கோருக்கும் பிரிக்கும் வசதி), பிபிபிஓஇ ஹெடருக்குள் இருக்கும் ஐபியைப் பார்க்காது. பிரிப்பதற்கான ஹாஷ் எண் போட எதுவும் கிடைக்காததால் எல்லாப் பேக்கெட்டும் க்யூ 0-க்கே போகிறது. ரிங்கைப் பெரிதாக்குவது பர்ஸ்ட்டைத் தாங்கும். கோர் தொடர்ந்து 100-ல் நின்றால் அதுவும் நிரம்பும்.

கெர்னலுக்கு பிபிபிஓஇ-க்குள் பார்க்கத் தெரியும். இரண்டு போர்ட்டிலும் ஆர்எக்ஸ்-0 க்யூவின் ஆர்பிஎஸ் (கெர்னலே கோர்களுக்குப் பிரிக்கும் முறை) சிபியூஸ் மதிப்பை 'எஃப்சி' ஆக்குங்கள். வேலை கோர் 2 முதல் 7 வரை பிரியும். இன்டரப்டைத் தானாக இடம் மாற்றும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்தி, கார்டின் இன்டரப்டை கோர் 0, 1-ல் பின் பண்ணுங்கள். நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் (ஒரு கோருக்குக் காத்திருக்கும் பேக்கெட் வரம்பு) டிஃபால்ட் 1000, அதையும் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் டிராப் சாஃப்ட்நெட் இரண்டாவது பத்திக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பதில் 3:
ஆர்பிஎஸ்ஸுக்கு அடுத்த சுவர் எச்டிபி-யின் ரூட் லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு). ஆறு கோரும் ஒரே லாக்குக்கு மோதும். 'பெர்ஃப் டாப்'பில் ஸ்பின் லாக் ஸ்லோபாத் மேலே வந்தால் அதுதான். தீர்வு, ரூட்டில் எம்க்யூ (பல க்யூவாகப் பிரிக்கும் க்யூடிஸ்க்) வைத்து ஒவ்வொரு டிஎக்ஸ் க்யூவுக்கும் தனி எச்டிபி. எக்ஸ்டிபி சிபியூமேப் (பேக்கெட் வந்தவுடனே கோரைத் தேர்ந்து அனுப்பும் கெர்னல் வசதி) மூலம் கஸ்டமரைக் கோருக்குப் பிரிக்கலாம். ஒரு கஸ்டமரின் டிராஃபிக் முழுதும் ஒரே கோரில்தான் இருக்க வேண்டும். இரண்டு எச்டிபி-யில் சிதறினால் அவருக்கு இரட்டைப் பிளான் கிடைக்கும்.

லீஃபில் (கஸ்டமரின் கடைசிக் கிளாஸில்) எதுவும் வைக்காவிட்டால் பிஃபிஃபோ எனும் சாதா வரிசை, அதன் லிமிட் போர்ட்டின் டிஎக்ஸ் க்யூ நீளம், அதாவது 1000 பேக்கெட். 10 எம்பிபிஎஸ் கஸ்டமருக்கு அது 1.2 விநாடித் தாமதம். தாமதத்தைக் குறைக்கும் எஃப்க்யூ கோடல் க்யூடிஸ்க்கைப் போடுங்கள். பேக்கெட்டை அந்தந்தக் கஸ்டமர் கிளாஸுக்கு அனுப்பும் யு32 ஃபில்டர் 2500-ம் ஒரே வரிசையில் இருந்தால் கடைசி கஸ்டமரின் ஒவ்வொரு பேக்கெட்டும் அத்தனையையும் தாண்டி வர வேண்டும். ஹாஷ் டேபிளாகப் பிரித்துவிடுங்கள், எம்க்யூவுக்குப் போகும் முன்பே இது கணிசமாக மிச்சம் பிடிக்கும்.