ரவுட்டிங் எஞ்சின் மாறும்போது பிஜிபி இணைப்புகள் அறுவது ஏன்?

கும்பகோணம் வாசகர்:
வணக்கம். எங்கள் இணையச் சேவை மையத்தில் ஜூனாஸ் (ஜூனிப்பர் நிறுவனத்தின் இயங்குதளம்) இயங்கும் ரவுட்டர் ஒன்றில் இரண்டு ரவுட்டிங் எஞ்சின்கள் (ரவுட்டரைக் கட்டுப்படுத்தும் பலகைகள்) உள்ளன. ஜிஆர்இஎஸ் (ஓர் எஞ்சினிலிருந்து மற்றொன்றுக்குச் சீராக மாற உதவும் வசதி) இயக்கப்பட்டிருந்தும், முதன்மை எஞ்சினிலிருந்து மாற்று எஞ்சினுக்கு மாறியவுடன் பிஜிபி (ரவுட்டர்கள் வழித்தடத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) இணைப்புகள் அனைத்தும் அறுந்து, திருவாரூர், மன்னார்குடி வாடிக்கையாளர்களுக்குச் சேவை தடைப்படுகிறது. காரணம் என்ன?

தஞ்சாவூர் வாசகர்:
ஜிஆர்இஎஸ் காப்பது இடைமுகங்களின் நிலையையும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தகவல்களையும் மட்டுமே. அதனால் லைன் கார்டுகள் (தரவைக் கடத்தும் அட்டைகள்) பாக்கெட்டுகளைத் தொடர்ந்து கடத்தினாலும், ரவுட்டிங் மென்பொருள் மாற்று எஞ்சினில் புதிதாகத் தொடங்குவதால், அண்டை ரவுட்டர்கள் இணைப்பு அறுந்ததாகக் கருதி உங்கள் வழித்தடங்களை நீக்கிவிடுகின்றன. இதற்குத் தீர்வுகள் இரண்டு. 2007-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4724 என்னும் இணையத் தர ஆவணம் விவரிக்கும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் முறைக்கு (மறுதொடக்கத்தின்போது வழித்தடங்களை நீக்காமல் வைத்திருப்பது) அண்டை ரவுட்டரின் ஒத்துழைப்பு தேவை. என்எஸ்ஆர் (இடையறா ரவுட்டிங்) முறையோ பிஜிபி நிலையையே மாற்று எஞ்சினுக்கு நகலெடுத்து வைப்பதால், எஞ்சின் மாறியதையே அண்டை ரவுட்டர் அறியாது. இரண்டையும் ஒருசேர இயக்க ஜூனாஸ் அனுமதிக்காது; நமக்கு இணைய இணைப்பு தரும் மேல்நிலை நிறுவனத்தின் அமைப்பு நம் கையில் இல்லாத நிலையில் நான் என்எஸ்ஆரையே தேர்ந்தெடுப்பேன். அதற்கு ஜிஆர்இஎஸ்ஸுடன் இரு எஞ்சின்களிலும் அமைப்புகளை ஒன்றுபோல் வைக்கும் ‘கமிட் சிங்க்ரனைஸ்’ அமைப்பும் அவசியம்.

நாகப்பட்டினம் வாசகர்:
மேற்கண்டதுடன், இணைப்பு அறுந்ததை விரைவாகக் கண்டறியும் நெறிமுறையான பிஎஃப்டியையும் கவனியுங்கள். அது லைன் கார்டில் அல்லாமல் ரவுட்டிங் எஞ்சினிலேயே இயங்குமானால், அதன் சோதனைச் செய்திகளின் இடைவெளியைக் குறைந்தது 2500 மில்லிநொடியாக வைக்க வேண்டும். இல்லையெனில் என்எஸ்ஆர் இருந்தும் இணைப்பு அறும். ஐப்பசி மழைக்கு முன்பே, நள்ளிரவுப் பராமரிப்பு நேரத்தில், ‘ஷோ டாஸ்க் ரெப்ளிகேஷன்’ கட்டளையில் நகலெடுப்பு நிறைவுற்றதை உறுதிசெய்த பின்னரே மாற்றிச் சோதியுங்கள்.