அந்தமான் பச்சைப் பல்லியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காரைக்குடிக்காரன்:
எங்கள் வளவு வீட்டில் பல்லிக்குப் பஞ்சமில்லை. விளக்குப் போட்டதும் உத்தரத்திலிருந்து இறங்கி ட்யூப்லைட் அருகே பூச்சிக்குக் காத்திருக்கும். பகலில் ஒன்றும் கண்ணில் படாது. அந்தமானில் மாமா வீட்டுக்குப் போனபோதுதான் உச்சிவெயிலில் உலவும் பல்லியைப் பார்த்தேன். கொல்லை வாழை மட்டையில் தலைகீழாக நின்றது. கிளிப்பச்சை உடம்பு, முதுகில் செந்நிறப் புள்ளிகள். வாழைப்பூ மடல் விரிந்த இடத்தில் நாக்கை நீட்டித் தேனை நக்கியது. பிறகு அதே நாக்கால் தன் கண்ணையே துடைத்துக்கொண்டது. இமை கிடையாது, வேறு வழியில்லை. நம் வீட்டுப் பல்லிக்கு வெளிச்சத்தில் கண்மணி கீற்றாக ஒடுங்கும். இதற்கு வட்டமாகவே இருந்தது, பகலில் நடமாடும் பிராணி அல்லவா.

தேவகோட்டை ஆச்சி:
அந்தமானின் ஹேவ்லாக் தீவில் தாழைப் புதரில் பார்த்தேன். கூட வந்தவர் ஓணான் என்று சாதித்தார். ஓணானுக்கு ஏது இப்படி வழவழப்பான தோல்? இன்னொருவர் பிடித்து டப்பாவில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். நன்றாகக் கேட்டுவிட்டேன், அவர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நல்லதுதான்.

கானாடுகாத்தான் வாசகர்:
எனக்கு வியப்பு அதன் உறவினர்களைப் பற்றித்தான். இந்தப் பேரினத்துப் பல்லிகள் பெரும்பாலும் மடகாஸ்கர், மொரீஷியஸ், செஷல்ஸ் பக்கம் வாழ்பவை. இது ஒன்று மட்டும் பெருங்கடலுக்கு இந்தப் பக்கம், அந்தமானில். விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். எப்படி வந்திருக்கும்? மிதக்கும் மரத்தோடு வந்திருக்கலாம் என்று ஒரு யோசனை. நம் செட்டிநாட்டவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனதாவது கப்பலில், வட்டிக்கணக்கோடு. இதற்குக் கணக்குமில்லை, கப்பலுமில்லை.

தேவகோட்டை ஆச்சி:
அது சரி, பச்சைப் பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன்? எங்கள் அப்பத்தாள் கேட்கச் சொன்னார்கள்.

காரைக்குடிக்காரன்:
பஞ்சாங்கத்தில் நிறம் பார்த்துப் பலன் போடவில்லை, ஆச்சி. எங்கள் மாமி வீட்டில் ஒன்று தோளிலேயே விழுந்தது. மாமி கத்திய கத்தலில் அது கரும்பச்சையாகி, ஜன்னல் வழியே வாழைக்கு ஓடிவிட்டது. பயந்தால் நிறம் மங்கிவிடும் போலிருக்கிறது. மாமிக்கு அன்றைக்கு ரேஷனில் சர்க்கரை கிடைத்தது என்று அப்பத்தாளிடம் சொல்லுங்கள்.