அட்லாண்டா பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: டலோனிகாவை விட்டுவிடாதீர்கள்

கம்மிங், ஜான்ஸ் க்ரீக் பக்கம் குடிவந்து கார் வாங்கியதும் எல்லாரும் ஸ்மோக்கி மலைக்குத்தான் ஓடுகிறார்கள். முதலில் டலோனிகா போய் வாருங்கள். ஜிஏ 400 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கம்மிங்கிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கலிஃபோர்னியாவுக்கு இருபது வருஷம் முன்பே, 1829-ல், தங்கம் தேடிக் கூட்டம் குவிந்த ஊர் இது. 1838 முதல் 1861 வரை இங்கே நாணயம் அச்சடிக்கும் அரசு ஆலையே இருந்தது. ஊர் நடுவில் உள்ள 1836-ஆம் வருஷத்துக் கோர்ட் கட்டடம்தான் இப்போது தங்க அருங்காட்சியகம். அதன் செங்கல்லில்கூடத் தங்கத் துகள் உண்டு.

அந்த மண் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது என்பதைத் தெரிந்துகொண்டு சுற்றுங்கள். தங்கம் கிடைத்ததும் ஜார்ஜியா அரசு அவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, 1832-ல் குலுக்கல் நடத்தி வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. 1838-ல் ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், சுரங்கம் அப்புறம் என்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கிரிசன் சுரங்கத்தில் தங்கம் அலசுவதுதான் பிடிக்கும். தட்டில் மண்ணை அள்ளி, தண்ணீரில் முக்கி, சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். லேசான மணல் வழிந்து போகும், கறுப்பு மணல் அடியில் தங்கும். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு மஞ்சள் தெரிந்தால் அதிர்ஷ்டம். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், அவ்வளவுதான் சூட்சுமம். அங்குள்ள இன்னொரு சுரங்கமான கன்சாலிடேட்டட்டுக்குள் இறங்குவதென்றால், உள்ளே குளிரும், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் கவனம்: தென்மாநிலச் சமையலில் கீரை, பீன்ஸில்கூடப் பன்றிக்கறி சேர்ப்பது சகஜம். கேட்டுவிட்டு வாங்குங்கள். சாலையோரத்தில் அவித்த வேர்க்கடலை கிடைத்தால் விடாதீர்கள், நம்மூர் ருசி.

அக்டோபரில் இலை நிறம் மாறும்போது பார்க்கிங் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் 729 அடி உயர அமிகலோலா அருவி. அது ஸ்டேட் பார்க், பார்க்கிங்குக்குத் தனிக் கட்டணம். ஆனால் ஜார்ஜியா பொது நூலகங்களில் அதற்கான பாஸை இரவல் தருகிறார்கள். சரி, இன்னும் நூலக அட்டை வாங்கவில்லையா? இந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், காசு கிடையாது.