பழைய வைட் ஆங்கிள் லென்ஸ்களை மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். பழைய 50 மி.மீ. லென்ஸ் வாங்குபவர் பெரும்பாலும் ஏமாற மாட்டார். 28-க்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த லென்ஸ் எந்த வகைக் கேமராவுக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது சோனி ஃபுல் ஃப்ரேம். நிக்கான் 28 மி.மீ. எஃப்2.8 ஏஐ-எஸ் லென்ஸை அதில் மாட்டி தாராசுரம் கோயிலில் படம் எடுத்தேன். 20 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யக்கூடிய லென்ஸ் அது. தூண்களில் இருக்கும் உள்ளங்கை அளவுச் சிற்பங்களை, பின்னால் நீளும் மண்டபத்தோடு சேர்த்தே படத்துக்குள் கொண்டுவர முடிந்தது. எஃப்8-இல் ஓரங்களும் கூர்மை. அந்த மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

அதே மண்டபத்தில் நண்பரின் பழைய 21 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் (உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி இல்லாத கேமரா வகை) லென்ஸையும் மாட்டிப் பார்த்தேன். நேர்க்கோடுகள் துளியும் வளையவில்லை, நடுப்பகுதி அபாரம். ஆனால் இரு பக்கமும் கத்தரிப்பூ நிறம் படர்ந்து, மூலைகள் கலங்கிப் போயிருந்தன. லென்ஸில் எந்தப் பழுதும் இல்லை. எஸ்எல்ஆர் கேமராவுக்குள் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி ஏறி இறங்க இடம் விட வேண்டும் என்பதால் அதன் வைட் லென்ஸ்களின் பின்பகுதி ஃபிலிமிலிருந்து தள்ளியே நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தத் தடை கிடையாது. பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் வந்துவிடும். ஓரங்களில் ஒளி மிகவும் சாய்ந்து விழும். ஃபிலிமுக்கு அது பொருட்டே இல்லை. நம் சென்சாரின் முன்னால் சுமார் 2 மி.மீ. கனத்தில் கண்ணாடி அடுக்கு இருக்கிறது. சாய்ந்த ஒளி அதைக் கடக்கும்போது இடம் விலகுவதால்தான் மூலைகள் கலங்குகின்றன. ஒளியைப் பின்பக்கமாக வாங்கும் பிஎஸ்ஐ வகை சென்சார்களில் நிறக்கறை வெகுவாகக் குறைகிறது. மூலைக் கலங்கல் குறைவதில்லை.

மறுமொழி

நீங்கள் சொன்னதோடு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் அடாப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. என்னுடையது நிக்கானின் நிக்கார் 24 மி.மீ. எஃப்2.8. 1967-இல் வந்த வடிவமைப்பு. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்) ஃபிலிம் வரை 46.5 மி.மீ., சோனி இ மவுண்டில் 18. ஆக அடாப்டரின் கனம் 28.5 மி.மீ. இருக்க வேண்டும். நான் வாங்கிய மலிவான அடாப்டர் கொஞ்சம் மெல்லியது. 0.2 மி.மீ. குறைந்தாலே போதும், 24 மி.மீ. லென்ஸில் அடிவானம் ஏறக்குறைய 3 மீட்டர் குறியில் ஃபோகஸ் ஆகிவிடும். லென்ஸ் தொலைவில் இருக்கும் மலையைப் பார்க்கும்போதே, உள்ளே இருக்கும் கண்ணாடிகள் கிட்டத்துப் பொருளுக்கான நிலையில் நிற்கும், ஓரங்கள் கெடும். அடாப்டரைக் கழற்றி, இரு பாகங்களுக்கும் இடையில் மெல்லிய பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வைத்தேன். முடிவிலிக் குறி சரியான இடத்துக்கு வந்தது, ஓரங்களும் தெளிந்தன. லென்ஸைக் குறை சொல்லி விற்கும் முன்பு எல்லோரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மறுமொழி

நிறக்கறைக்கு வழி இருக்கிறது. படம் எடுத்த கையோடு, அப்பெர்ச்சரை மாற்றாமல், லென்ஸ் முன்னால் பால்நிற அக்ரிலிக் தகட்டைப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் மென்பொருளில் ஃபிளாட் ஃபீல்டு கரெக்‌ஷன் அதை வைத்தே கறையையும் ஓர இருட்டையும் நீக்கிவிடும். கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு அந்த வேலையும் பாதி மிச்சம்.

ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை வைட் லென்ஸில் நம்பாதீர்கள். எல்லாமே கூர்மையாக இருப்பதுபோல் மினுக்கும். பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள்.

மிகவும் அகலமாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: வோக்ட்லாண்டர் 15 மி.மீ. எஃப்4.5 ஹெலியார் 1999-இல் ஃபிலிம் காலத்தில் வந்தது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பை டிஜிட்டல் சென்சாருக்காகவே புதிதாக வடிவமைத்தார்கள். பழைய சந்தையில் எல்லாப் பதிப்புகளும் கிடைக்கும் என்பதால், பணம் கொடுக்கும் முன் எந்தப் பதிப்பு என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.