அலைக்கத்தரியா, நெளிகத்தரியா? தொட்டிச் செடிக் கருவிகளுக்குச் சொல் தேடி

குழுவில் உள்ள ஐயாமார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் மூலையில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். மீன் கொஞ்சம், நீர்ச்செடி நிறைய. செடிகளைப் பராமரிக்க நான்கைந்து கருவிகள் வாங்கியாயிற்று. அவற்றைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழ்ப்பெயர் எழுத வேண்டும். கடையில் கேட்டால் வேவ் சிஸர்ஸ், பின்செட் (செடி நடும் நீண்ட இடுக்கி) என்கிறார்கள். பிள்ளைகள் "அந்த வளைஞ்ச கத்திரிக்கோல் குடுங்க டீச்சர்" என்கிறார்கள்.

முதலில் அந்த வளைந்த கத்தரிக்கோலைப் பார்ப்போம். விவாதம் சூடானது அதில்தான்.

> வேவ் என்றால் அலை. ஆகவே அலைக்கத்தரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

குழுவில் ஓர் அண்ணன் எழுதியது இது. எனக்கு மனம் ஒப்பவில்லை, அண்ணே. தண்ணீருக்குள் பயன்படும் பொருளுக்கு அலைக்கத்தரி என்று பேர் வைத்தால், அலையை வெட்டுவது போலத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்படியேதான் கேட்டாள். பேரைக் கேட்டதும் பொருள் கண்முன் வர வேண்டும். இங்கே வேறொன்று வந்து நிற்கிறது.

கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அதன் வடிவத்தைச் சொல்கிறேன். பிடியிலிருந்து நேராக இறங்கும் தண்டு ஒரு தரம் வளைகிறது. அப்புறம் எதிர்ப்பக்கமாக இன்னொரு தரம் வளைகிறது. அதனால் கை தண்ணீருக்கு மேல் இருக்கும்போதே அலகு தொட்டியின் தரையோடு கிடையாகப் படுத்துக்கொள்கிறது. மான்டே கார்லோ போலத் தரையில் படர்கிற செடியை மேலாகச் சீராக வெட்ட இதுதான் வேண்டும். நேர்க்கத்தரியால் அதைச் செய்ய முயன்றால் கையைச் சாய்க்க வேண்டும். முழங்கை கண்ணாடியில் இடிக்கும், விரல்கள் பக்கத்துச் செடியைப் பிடுங்கிவிடும். நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். படர்செடியை மூன்று மாதம் வெட்டாமல் விட்டோம். மேலே பச்சைக் கம்பளம், அடியில் வெளிச்சம் எட்டாமல் எல்லாம் மஞ்சளித்து அழுகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், கம்பளத்தில் பாதி மண்ணைவிட்டுக் கழன்று மிதந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அழாத குறை.

இரண்டு முறை வளைந்த பொருளுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: நெளி. விரலில் போடும் நெளி மோதிரத்தை யாரும் அலை மோதிரம் என்பதில்லை. ஆகவே என் முன்மொழிவு நெளிகத்தரி.

பினாங்கு ஐயா கேட்டிருந்தார், "நெளிக்கத்தரி என்று வல்லினம் மிக வேண்டாமா?" என்று. நான் இதை வினைத்தொகையாகத்தான் எழுதுகிறேன், ஐயா. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர் போல. நெளிந்த, நெளிகின்ற, நெளியும் கத்தரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. கல்லில் எழுதியது போல் பிடிவாதம் இல்லை. தப்பு என்றால் திருத்துங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

கத்தரி என்றால் காய்தானே நினைவுக்கு வரும் என்று தங்கை ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் கத்தரித்தல் என்ற வினை நம்மிடம் உயிரோடு இருக்கிறது. கருவிப் பலகையில் மாட்டியிருக்கும்போது குழப்பம் வராது. வேண்டுமானால் முதல் தடவை நெளிகத்தரிக்கோல் என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

வடிவத்தை விட்டுப் பயனை வைத்து, தரைக்கத்தரி என்று வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் சனிக்கிழமை அதே கத்தரியால் சாய்ந்த மரத்துண்டில் ஒட்டியிருந்த ஜாவா பாசியைச் சீர் செய்தோம். அங்கே தரையே இல்லை. பயன் மாறும், நெளிவு மாறாது. அதனால் நெளிகத்தரிக்கே திரும்பிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. 1877-இல் நமக்குப் பக்கத்துக் கோலகங்சாரில்தான் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் சிலவற்றை நட்டார்கள். பிறகு எங்கள் ஊரைச் சுற்றி எங்கும் பால்மரம். அம்மா பல வருடம் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பால் வெட்டும் கத்திக்கு நம் ஆட்கள் புதுச்சொல் எதையும் உருவாக்கவில்லை. தச்சனிடம் இருந்த உளி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நுனி மடங்கிய, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுகிற, முற்றிலும் வேறான ஒரு கருவிக்கு அதே பழைய பேர். நூறு வருடத்துக்கு மேலாக அது நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்பதை நாம் செம்பனை என்கிறோம். பழத்தின் நிறத்தைப் பார்த்து யாரோ வைத்த பேர் அது, அகராதி பார்த்து வைத்ததல்ல. நான் கேட்பதும் அதுதான். கையில் இருக்கும் பழைய சொல்லை எடுப்போம், கண்ணால் பார்த்ததைச் சேர்ப்போம். கத்தரி பழைய சொல், நெளி கண்ணால் பார்த்தது.

உளியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கூர்மை. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் பட்டையைச் சீவ வேண்டும். உள்ளே கட்டையில் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மழுங்கிய உளியோடு அம்மா நிரைக்கு (மர வரிசைக்கு) போய் நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் சாயங்காலமே தீட்டி வைத்துவிடுவார். தொட்டியில் நாங்கள் முதலில் செய்த தவறு இந்த இடத்தில்தான். கைவினை வகுப்புக் கத்தரிக்கோலால் ரொட்டாலா என்ற தண்டுச்செடியை வெட்டினோம். அது வெட்டவில்லை, நசுக்கியது. இரண்டு மூன்று நாளில் தண்டின் நுனி பழுப்பாகி, கண்ணாடி போல் ஆகி, அழுகல் கீழே இறங்கியது. கூரான கத்தரி வந்த பிறகு கணுவுக்குச் சற்று மேலே ஒரே வெட்டு. ஒரு வாரத்தில் கணுவிலிருந்து பக்கத்தளிர் வெளியே வந்துவிட்டது.

சரி, அந்த வேலைக்கே என்ன பேர்? ஊட்டி அக்கா கவாத்து என்றார். நல்ல சொல், தேயிலைத் தோட்டத்தில் புழங்கும் சொல். எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன், சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வார்கள். என் தயக்கம் வேறு. தேயிலையில் கவாத்து என்பது சில வருடங்களுக்கு ஒரு தடவை செடியை வெட்டி இறக்கும் பெரிய வேலை. தொட்டியில் நடப்பது வாரா வாரம், செடிக்குச் செடி வேறாக. ரொட்டாலா, லுட்விஜியா போன்ற தண்டுச்செடிகளில் நுனியைக் கிள்ளி, கிள்ளிய துண்டையே திரும்ப நடுகிறோம். அனுபியாஸில் பழுத்த இலையைக் காம்போடு அடியிலிருந்து எடுக்கிறோம். நம் மலேசியத் தீபகற்பத்து ஓடைகளிலேயே வளரும் கிரிப்டோகோரைனில் நடு இலையில் வெட்டினால் மீதி அழுகும், அதனால் அடிக்காம்பிலேயே எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் தமிழில் தனித்தனி வினை இருக்கிறது: நுனி கிள்ளுதல், இலை கழித்தல், படர்செடியை மட்டம் வெட்டுதல். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் இவற்றை ஒன்றுக்குள் அடைக்க வேண்டுமா அக்கா? பொதுத் தலைப்பு ஒன்று வேண்டும் என்றால் மட்டும் கத்தரிப்பு என்று எழுதிக்கொள்ளலாம். கவாத்தை மரத்துக்கும் புதருக்கும் விட்டுவிடுவோம்.

அடுத்தது பின்செட். நீர்ச்செடித் தொட்டிக் கலையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஜப்பானின் தகாஷி அமானோ. அவர் தொடங்கிய நிறுவனம் விற்ற நீண்ட கருவிகளோடு அந்தப் பேரும் பரவியது. ஜப்பானியர்கள் அதை டச்சு மொழியிலிருந்து எடுத்துத் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். நம்மிடம் சொல் இல்லாவிட்டால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் நம்மிடம் மூன்று இருக்கின்றன. பொற்கொல்லரின் சாமணம், முள் எடுக்கும் முள்வாங்கி, அப்புறம் பொதுவான இடுக்கி.

முள்வாங்கி எனக்கு மிகவும் பிடித்த சொல். வேலை அப்படியே பேரில் இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் கருவி. நம்முடையது வெளியே இருப்பதை மண்ணுக்குள் வைக்கும் கருவி. செடியின் அடியை நுனியில் மெதுவாகப் பிடித்து, சற்றுச் சாய்வாக மண்ணில் இறக்கி, பிடியைத் தளர்த்தி, லேசாக ஆட்டி வெளியே உருவ வேண்டும். நேராக மேலே இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும். பிடி இறுக்கமான இடுக்கியாக இருந்தால் தண்டு நசுங்கும், அரை மணியில் கட்டைவிரலும் வலிக்கும். வாங்கும்போது நீளத்தைப் பார்ப்பதோடு, லேசாக அமுக்கினாலே நுனிகள் சேர்கின்றனவா, சேரும்போது ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

நாற்றிடுக்கி என்று ஒரு தம்பி எழுதியது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் நாம் நடுவதில் பாதி நாற்று இல்லை, வெட்டிய துண்டு. நடுவிடுக்கி என்றால் நடு என்பது மையம் என்று ஆகிவிடும். ஆகவே நடவிடுக்கி. நடவு, இடுக்கி இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள்தான்.

மற்ற இரண்டில் சிக்கல் இல்லை. கண்ணாடியில் படிந்ததை எடுப்பது பாசி சுரண்டி, பல வீடுகளில் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். மண்ணைச் சரித்துச் சமப்படுத்தும் தட்டையான கருவிக்கு மண்தள்ளி. வேறு நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

பலகையில் பேருக்குக் கீழே ஓரிரு வரி குறிப்பும் எழுதப் போகிறோம். நெளிகத்தரி: கை முழுதும் நனையாமல் அலகு தரையைத் தொடும் நீளம் வேண்டும், எங்கள் தொட்டிக்கு 25 சென்டிமீட்டர் போதுகிறது. உயர்ந்த செம்பனைக்கு நீளக் கம்பில் அரிவாளைக் கட்டுகிறோமே, அதே கணக்கு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, திருகாணி இருக்கும் இடத்தில் ஈரம் நிற்காமல் காயவைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் ஈரத்தோடு பெட்டியில் போட்டால் அந்த மூட்டில்தான் முதலில் துரு பிடிக்கிறது. வெட்டிய துண்டுகள் மிதக்கும்போதே வலையால் அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு கருவிக்கு மட்டும் இன்னும் பேர் முடிவாகவில்லை. விரல் நுழைக்க வளையம் இல்லாமல், இடுக்கி போல உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் வெட்டி, விட்டால் தானே விரியும் சின்னக் கத்தரி. கடையில் ஸ்பிரிங் சிஸர்ஸ் என்கிறார்கள். சிறு தண்டு, பாசி இவற்றை நுணுக்கமாக வெட்ட வசதியானது. விற்கத்தரி என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் விற்பதற்கு வைத்த கத்தரி போல் இருக்கிறது. சுருள்வில் கத்தரி என்றால் நீளம், அதோடு இதில் சுருளே இல்லை. நேற்று நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் அதைக் கையில் வாங்கி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அமுக்குகத்தரி, டீச்சர்" என்றான். ஊறுகாய் மாதிரியே வினைத்தொகை. அவனுக்கு அந்த இலக்கணம் இன்னும் நடத்தவில்லை.

நான் அவன் பக்கம். வெள்ளிக்கிழமை பலகைக்கு எழுத்து வெட்டத் தொடங்குகிறோம். அதற்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பிள்ளைகளிடம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் டீச்சர்