வான் வண்டியில் வைத்திருக்கும் குடிதண்ணீரில் டீசல் வாடை: உதவி தேவை

கேள்வி (செங்கலடி, வாடகை வான் ஓட்டுநர்)
உறவுகளே, வணக்கம். ஒருமுறை பொலன்னறுவைக்குப் போய்த் திரும்பும்போது மன்னம்பிட்டியில் வெள்ளம் வீதியை மூடிவிட்டது. ஒன்பது பயணிகளோடு விடியும்வரை நின்றேன். சுற்றிவரத் தண்ணீர், ஆனால் ஒரு குழந்தையின் நாவை நனைக்க ஒரு மிடறு இல்லை. அன்றிலிருந்து 20 லீற்றர் பிளாஸ்டிக் கலனில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பின்கண்ணாடியோரம் வைத்திருக்கிறேன். நேற்று ஓர் அம்மா வாயில் வைத்ததும் டீசல் வாடை என்று துப்பிவிட்டார். கலன் புதியது, மூடியும் இறுக்கம். இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அடியில் பச்சையாகவும் படிந்திருக்கிறது.

பதில் (காத்தான்குடி)
தம்பி, டீசலை எங்கே வைக்கிறீர்கள்?

கேட்டவர்
பக்கத்திலேதான் நானா, 5 லீற்றர் கலனில். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பதில் (காத்தான்குடி)
சிந்தத் தேவையில்லை. டீசல், பெற்றோல் ஆவி பிளாஸ்டிக் சுவரினூடாகவே மெல்ல ஊடுருவும். வெயிலில் பூட்டி நிற்கும் வண்டியின் சூடு அதை விரைவுபடுத்தும். சுவருக்குள் ஏறியதைச் சவர்க்காரம் எடுக்காது. அந்தக் கலனை வண்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் ஏறும் வண்டிக்குள் டீசலே வேண்டாம்.

பதில் (அக்கரைப்பற்று, தாதி)
பச்சையாகப் படிந்தது பாசி; வெளிச்சம் படும் இடத்தில் வளரும். ஒளி புகாத கலன் வாங்கி இருக்கையின் கீழ் வையுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதித்தெழுந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து நிரப்புங்கள். தம்பி, தயவுசெய்து அவசரத்துக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். ஒதுக்கி வைத்த தண்ணீரை மறந்துவிடுவோம். தினமும் அதிலேயே குடியுங்கள், பயணிகளுக்கும் கொடுங்கள்; மாலையில் மீதியைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலையில் புதிதாக நிரப்புங்கள். ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு இரண்டரை முதல் 3 லீற்றர் வேண்டும். பத்துப் பேருக்கு உங்கள் 20 லீற்றர் ஒரு நாளுக்கே போதாது.

பதில் (கல்முனை)
பெரிய கலன் ஒன்றை விட 10 லீற்றர் கலன்கள் இரண்டு மூன்று நல்லது. ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். கட்டி வையுங்கள், திடீரென்று பிரேக் பிடித்தால் 20 கிலோ முன்னால் பாயும்.

கேட்டவர்
டீசலை இறக்கிவிட்டேன். பழைய கலனில் ‘குடிக்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதியாயிற்று. 10 லீற்றர் கலன்கள் மூன்று வாங்கினேன். அவற்றில் புதுப் பிளாஸ்டிக் வாடை வருகிறதே?

பதில் (அக்கரைப்பற்று, தாதி)
லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, நிரப்பி, இரவு முழுக்க விட்டுக் காலையில் நன்றாக அலசுங்கள்.